கரையழகி அம்மன் கல்லை எடுத்தது குறித்து ஓவர்சியர் அய்யாக்கண்ணு சொன்னது

சந்தைமேடு போலீஸ் ஸ்டேஷன். விக்ரம வருஷம் கார்த்திகை மாதம், பிற்பகல். சப் இன்ஸ்பெக்டர் அவர்கள் கேட்க, குற்றம் சாட்டப்பட்ட எதிரி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் அய்யாக்கண்ணு. தகப்பனார் பெயர் கண்ணுசாமி, காலமாகிவிட்டார். எனக்கு வயது நாற்பத்து மூன்று. சொந்த ஊர் கீரனூர். சமஸ்தானத்தில் மராமத்து ஓவர்சியராக வேலை பார்க்கிறேன். மனைவி செவந்தியும் இரண்டு பெண்களும் கீரனூரில் இருக்கிறார்கள். இதற்கு முன் எந்த வழக்கிலும் நான் எதிரியாகவோ சாட்சியாகவோ இருந்ததில்லை. நான் எதுவும் சொல்லக் கட்டாயம் இல்லை என்றும், சொன்னால் அது எனக்கு எதிராகவே திரும்பலாம் என்றும் சப் இன்ஸ்பெக்டர் அவர்கள் எச்சரித்தார்கள். அது எனக்கு விளங்கியது. என் நெற்றியில் இருக்கும் காயம் இன்று மத்தியானம் கல் பட்டதால் ஏற்பட்டது. எறிந்தவர் யார் என்று நான் பார்க்கவில்லை. அதைப் பற்றி எனக்குப் புகாரும் இல்லை.

சென்ற வருஷ மழையில் வெள்ளாற்றில் கலக்கும் காட்டாறு ஒன்றில் திடீரென்று வெள்ளம் வந்து ரஸ்தாப் பாலம் ஒன்று போய்விட்டது. அதன்பிறகு, வெள்ளாற்றில் வந்து விழும் சிற்றாறுகள் ஒவ்வொன்றையும் தலையிலிருந்து கடை வரை நடந்து பார்த்து, திடீர் வெள்ளம் வந்தால் எந்த ஊருக்கு எவ்வளவு ஆபத்து என்று எழுதும்படி எங்களுக்கு உத்தரவாயிற்று. என் பங்குக்குக் கூழையாறு வந்தது. ஆடி மாதம், ஆறு வறண்டு கிடந்தபோது, அளவுகோல் பிடிக்கும் உடையப்பனைக் கூட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

கூழையாற்றின் தலைப்பகுதி முழுவதும் செம்பொறை, கல்லாக இறுகிய செம்மண். பெய்கிற மழையை அந்த மண் குடிப்பதில்லை. அவ்வளவும் ஓடி மூன்று கண்மாய்களில் விழுகிறது. மேலே பேராண்டான் கண்மாய், அதற்குக் கீழே அரசங்கண்மாய், அதற்குக் கீழே தாமரை ஏந்தல். ஒன்று நிறைந்தால் உபரித் தண்ணீர் கலிங்கு வழியாக அடுத்ததற்குப் போகும். கடைசியாக ஆற்றில் இறங்கும். பேராண்டான் கண்மாயின் கரை உடைந்தால் அதன் தண்ணீர் ஒரேயடியாக அரசங்கண்மாய்க்குள் விழும், அரசங்கண்மாய்க் கரை அதைத் தாங்காது, அதன்பிறகு தாமரை ஏந்தலும் நிற்காது, மூன்று கண்மாய்த் தண்ணீரும் சேர்ந்தே ஆற்றில் வரும். அப்படி வரும்போது கீழே ஆற்றடிப்பட்டியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கவும் கூடும். மழை ஓரிடத்திலும் வெள்ளம் வேறிடத்திலுமாக இருப்பதுதான் இந்த ஆற்றின் குணம்.

ஆற்றடிப்பட்டி முப்பது வீடு இருக்கக்கூடிய சிற்றூர். கூழையாற்றின் தென்கரையில், மணலை ஒட்டியே இருக்கிறது. ஊர்த் தலைவரை அம்பலம் என்பார்கள். இப்போதைய அம்பலம் சேவுகன், என்னை விட மூத்தவர். வீடுகளுக்கும் ஆற்றுக்கும் நடுவில் கரையழகி அம்மன் இருக்கிறாள். கோயில் என்று கட்டடம் கிடையாது. மண்ணில் ஊன்றிய கல், முழங்கால் உயரம், அவ்வளவுதான். பூசாரி பெயர் திருப்பதி. அவர் தினமும் மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து தண்ணீர் எடுத்து அம்மனுக்கு ஊற்றி, பொழுது சாயும்போது விளக்கு வைக்கிறார். அந்த விளக்கு ஊரில் ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் தெரிய வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தெரியாத இடத்தில் யாரும் வீடு கட்டுவதில்லை.

இந்த வேலையில் நாங்கள் எந்த ஊரிலும் முதலில் கேட்பது, இதுவரை வந்ததில் பெரிய வெள்ளம் எதுவரை வந்தது என்பதுதான். சில ஊர்களில் சாவடிச் சுவரைக் காட்டுவார்கள், சில ஊர்களில் மரத்தைக் காட்டுவார்கள். ஆற்றடிப்பட்டியில் சேவுகன் அம்பலம் அம்மன் கல்லைக் காட்டி, தண்ணீர் ஆத்தா காலைத் தாண்டியது கிடையாது என்றார். ஆதியிலிருந்தே அப்படித்தானா என்று கேட்டேன். "ஆதியிலேர்ந்து அவ இங்கிட்டுத்தான் இருக்கா, தண்ணி அங்கிட்டுத்தான் இருக்கு" என்றார். அங்கே நின்ற எல்லோரும் அப்படியே சொன்னார்கள். நான் கல்லின் அடியில் அளவுகோலை நிறுத்தச் சொல்லி, மட்டம் பார்க்கும் குழாய்க் கருவியில் பார்த்தேன். தண்ணீர்க் குடத்தோடு வந்த சின்னப்பிள்ளை என்ற பெண்பிள்ளை நின்று, "என்னங்கய்யா, ஆத்தா காலுக்கு அளவெடுக்குறீங்க, கொலுசு செஞ்சு போடப்போறீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன்பிறகு கருவியை மேடான இடத்தில் வைத்துப் பார்ப்பதற்காக ஊருக்குத் தெற்கே ஆவாரம் புதர் மண்டிய மேட்டுக்குப் போனேன். அங்கே புதருக்குள் ஒரு பாறை. பாறையில் கல் ஊன்றுவதற்கு வெட்டிய குழி இருந்தது. குழியைச் சுற்றி எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது, பக்கத்தில் உடைந்த அகல்கள் கிடந்தன. குழிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். அம்மன் கல்லின் அடி எவ்வளவு பருமனோ அவ்வளவு இருந்தது. சற்றுத் தள்ளி அடுப்புக் கற்களும், மண்ணில் பாதி புதைந்த உரல்களும் கிடந்தன. மேட்டின் வடசரிவில் புல்லைப் பெயர்த்துப் பார்த்தபோது செம்மண்ணுக்கு மேலே ஆற்று மணல் படிந்திருந்தது, அதில் நத்தை ஓடுகள் இருந்தன. அந்த மணல் பாறைக்குச் சற்றுக் கீழே வந்து நின்றுவிட்டது. முன்பு ஒரு வெள்ளம் அதுவரை வந்திருக்க வேண்டும். இப்போது இருக்கும் வீடுகள் எல்லாம் அந்த மணல் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன. கூரை முகடும் கீழேதான்.

உடையப்பனிடம் இது என்னவென்று கேட்டேன். அவர் தயங்கினார். பிறகு, "எங்க ஊர்ப்பக்கமும் உண்டுங்க. சாமிய எடம் மாத்தி வச்சா, வீட்டுக்கு ஒருத்தரு கல்லுல கை வச்சு, இதுதான் ஆதி எடம்னு சத்தியம் பண்ணணும். அதுக்கப்பறம் பழைய எடத்தைப் பேசுறதில்லை. பேசுனா குடும்பத்துக்கு ஆகாதுன்னுவாங்க" என்றார். கரையழகியை எந்த வருஷத்தில், எதற்காகக் கீழே இறக்கினார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தினமும் ஊற்றுத் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தைப் பார்த்தேன். மேட்டிலிருந்து ஊற்று தூரம் என்பதையும் பார்த்தேன். மழையில்லாத வருஷங்களில் ஆறு வற்ற வற்ற அம்மனை ஊற்றுக்குப் பக்கத்தில் கொண்டுவந்திருப்பார்கள் என்பதும், விளக்குத் தெரிய வேண்டும் என்று வீடுகளும் கூடவே இறங்கி வந்திருக்கும் என்பதும் நான் ஊகித்தது. அதை ஊகம் என்றே எழுதிக்கொள்ள வேண்டும்.

அதன்பிறகு கீழே வந்து சேவுகன் அம்பலத்திடம் மேட்டில் இருக்கும் குழியைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஆடு மேய்க்கிறவன் எவனாச்சும் வெட்டியிருப்பான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். திருப்பதி பூசாரி தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணியவர்கள் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினார்கள். நான் கருவியைக் கட்டிக்கொண்டு புறப்படும்போது சின்னப்பிள்ளை வரகு புடைத்துக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்க்காமல், "எங்க மாமியா ஒரலு மேட்டுல கெடக்குங்க. ஒரலு தானா நடந்தா போயிருக்கும்? ஒரலைக் கேளுங்க, அது சத்தியம் பண்ணலை" என்றார். அவர் சொன்னது உரலைப் பற்றி மட்டும். அம்மனைப் பற்றி ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை. இதை விளங்க எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பின்னர், பேராண்டான் கண்மாய் உடைந்தால் ஆற்றடிப்பட்டியில் ஒரு வீடும் மிஞ்சாது என்று அறிக்கை எழுதி, மழைக்கு முன் ஊரை மேட்டுக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தேன். ஆட்களை வலுவில் எழுப்ப உத்தரவு கொடுப்பதற்கில்லை, எடுத்துச்சொல்லி அனுப்பவும் என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. அதன்படி ஐப்பசி மாதம் நான் ஆற்றடிப்பட்டிக்குப் போய், மழைக்காலம் முடியும் வரையிலாவது மேட்டில் குடிசை போட்டு இருக்கும்படி கேட்டேன். அம்மன் இல்லாத இடத்தில் எப்படி இருப்பது என்று கேட்டார்கள். அம்மனையும் மேட்டுக்குக் கொண்டுபோகலாமே என்றேன். அதற்குச் சேவுகன் அம்பலம், "எங்க ஆத்தாள நெனச்ச நேரம் தூக்கி வைக்க அவ என்ன மூட்டையா? காப்புக் கட்டணும், வெளியூர்ல இருக்குற பங்காளியெல்லாம் வரணும். தை பொறக்கட்டும், கேட்டுப் பாப்போம்" என்றார். தைக்குள் மழை முடிந்துவிடும் என்றேன். "முடிஞ்சா நல்லதுதானே, அப்பறம் எதுக்கு மாத்தணும்?" என்று கேட்டார்.

நான் விடாமல் கேட்டதன்பேரில் திருப்பதி பூசாரி, அம்மனிடமே பூக்கேட்டுப் பார்க்கலாம் என்றார். வெள்ளை அரளி வந்தால் மேட்டுக்குப் போவது, சிவப்பு வந்தால் இருந்த இடத்தில் இருப்பது என்று பேசிக்கொண்டார்கள். பூசாரி இரண்டு பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் போட்டார். எடுப்பதற்கு யாரும் முன்வரவில்லை. சேவுகன் அம்பலம் என்னைப் பார்த்து, "நீங்களே எடுங்க. நாங்க எடுத்தா ஏமாத்திப்புட்டோம்னு எழுதிப் போட்ருவீங்க" என்றார். நானே எடுத்தேன். பிரித்தபோது சிவப்பு இருந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். "ஆத்தா சொல்லிட்டா. இனிமே ஒங்க கொழாய் என்ன சொல்லுது?" என்று அம்பலம் கேட்டார். அன்று எனக்குச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்கள். அவர்கள் என்னிடம் பகையாக இருந்ததில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்த மாதம் மேற்கே மழை பிடித்துக்கொண்டது. நேற்று நான் பேராண்டான் கண்மாய்க்குப் போனேன். கலிங்கு முழு உயரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. கரையின் பின்புறம், அடிவாரத்தில், ஓரிடத்தில் கசிவு இருந்தது. பழைய கரைகளில் கசிவு இருப்பது சகஜம். தெளிந்த தண்ணீராக வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் கரைக்குள் இருக்கும் மண் தண்ணீரோடு வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நேற்றுத் தெளிவாக வந்தது. இன்று காலையில் போய்க் கையில் பிடித்துப் பார்த்தேன். கலங்கியிருந்தது. விரலைத் தேய்த்தால் நைந்த மண் ஒட்டியது. அந்த ஊர் ஆட்கள் மணல் மூட்டையும் வைக்கோலும் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் அமுக்கினால் பக்கத்தில் இன்னோரிடத்தில் கிளம்பியது. அவர்களுடைய பெரியவர் ஒருவர் என்னிடம், "நிக்குமாய்யா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அரசங்கண்மாய்க்கும் தாமரை ஏந்தலுக்கும் அங்கிருந்தே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டேன்.

அதன்பிறகு சைக்கிளில் கீழே வந்தேன். உடையப்பன் தன் சைக்கிளில் கூட வந்தார். பாதித் தூரத்துக்குமேல் மழை இல்லை. ஆற்றடிப்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் அடித்தது. ஆற்றில் வேட்டி நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடியது. மணலில் வரகு காயப் போட்டிருந்தார்கள். ஆண்கள் சிலர் புங்க மரத்தடியில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்மாயில் பார்த்ததைச் சொன்னேன். சேவுகன் அம்பலம் வானத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், அதன்பிறகு, "மேற்க மழைன்னா அங்கிட்டு நனையட்டும். இங்கிட்டு எங்க வரகு காயுது பாருங்க" என்றார். இன்னொருவர், "ஓவர்சியருக்கு வெள்ளம் வரலைன்னா தூக்கம் வராது போலருக்கு" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். அம்பலம் எழுந்து என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். "ஐயா, நீங்க நல்ல மனுசன். நாங்களும் ஒண்ணும் சாவணும்னு இருக்கலை. ஆத்தா எங்களுக்கு முன்னால ஒக்காந்திருக்கா. அவளத் தாண்டித்தான் எங்களுக்கு எதுவும். அவள விட்டுட்டு நாங்க மேட்டுல ஒக்காந்தா, ஊரை அழிக்கிற வெள்ளமே நாங்கதான்" என்றார்.

அப்போதுதான் இந்த எண்ணம் எனக்கு வந்தது. முன்பே திட்டமிட்டதா என்று சப் இன்ஸ்பெக்டர் அவர்கள் கேட்டார்கள். இல்லை. வீடுகள் அம்மனுக்குப் பின்னாலேயே இறங்கி வந்தன என்பது ஆடி மாதத்திலிருந்து என் மனசில் இருந்தது. அம்மன் போனால் அவர்களும் போவார்கள் என்று அந்த இடத்தில் தோன்றியது. நான் தனியே மேட்டுக்குக் கொண்டுபோனால் பிடுங்கிக்கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்துவிடுவார்கள். போலீசார் கைக்குப் போய்விட்டால் அவர்களால் பிடுங்க முடியாது. ஆகையால் உடையப்பனைத் தனியே கூப்பிட்டு, சந்தைமேட்டு ஸ்டேஷனுக்குப் போய், ஆற்றடிப்பட்டியில் திருட்டு நடக்கப்போகிறது, மேட்டுப் பாதையில் வந்தால் ஆளைப் பிடிக்கலாம் என்று சொல்லும்படி அனுப்பினேன். திருடப்போவது யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவருக்கு இதில் பங்கு இல்லை.

உடையப்பன் ஸ்டேஷன் போய்ச் சேரும் நேரம் வரை ஆற்றோரமாக நடந்துகொண்டிருந்தேன். மேற்கே பார்த்தபடியே நடந்தேன். ஆற்றில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்றே காது இருந்தது. கயிறு திரிக்கிறவர்கள் பேச்சைத் தவிர வேறு சத்தம் இல்லை. அதன்பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அம்மன் கல்லருகே போனேன். பூசாரி ஊற்றில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். கல்லை ஆட்டி எடுத்தேன். நினைத்ததை விடக் கனமாக இருந்தது. காலையில் ஊற்றிய தண்ணீரும் மஞ்சளும் சட்டையில் ஒட்டின. சாக்கில் வைத்துச் சைக்கிள் காரியரில் கட்டினேன். மணலில் சைக்கிள் நகரவில்லை, சாய்ந்துவிட்டது. அதை அப்படியே போட்டுவிட்டுக் கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டை நோக்கி நடந்தேன். இரவில் எடுக்காமல் பகலில் ஏன் எடுத்தாய் என்று கேட்டார்கள். எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான்.

எனக்கு மிக அருகில் இருந்தவர் சின்னப்பிள்ளை. அவர் கையில் முறம் இருந்தது. அவர் முறத்தைக் கீழே வைத்தார். காற்றில் வரகு பறக்காமல் அதன்மேல் துணியை மூடினார். துணி பறக்காமல் ஒரு கல்லை எடுத்து வைத்தார். அதன்பிறகு, "ஐயோ, ஆத்தாளத் தூக்கிட்டுப் போறானே!" என்று கூச்சலிட்டார். அதற்குள் நான் வீடுகளைத் தாண்டியிருந்தேன். அவர் என்னை எப்போது பார்த்தார் என்பது எனக்குத் தெரியாது.

அதன்மேல் ஊர் முழுவதும் என் பின்னால் ஓடி வந்தது. அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டு வந்தார்கள். கைக்குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். படுக்கையில் கிடந்த ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்ததைப் பிறகு பார்த்தேன். சாமி போகும்போது வீட்டில் படுத்திருக்கக் கூடாது என்றார்களாம். மண்ணாங்கட்டியும் கல்லும் என்மேல் விழுந்தன. ஆவாரம் புதர் அருகே, அந்தப் பழைய குழி இருக்கும் பாறையில் கால் இடறி முழங்காலிட்டு விழுந்தேன். கல்லை மட்டும் கீழே போடவில்லை. சேவுகன் அம்பலம்தான் முதலில் வந்து என் மயிரைப் பிடித்தார். "ஒனக்குச் சோறு போட்டமேடா" என்று சொல்லி அழுதார். அந்த நேரத்தில் தலைமைக் காவலரும் இரண்டு காவலரும் வந்து விலக்கிவிட்டு, கல்லைக் கைப்பற்றி, என்னையும் பிடித்துக்கொண்டார்கள். கல்லை ஊராரிடம் கொடுக்கச் சொல்லி அம்பலம் கேட்டதற்கு, திருட்டில் பிடிபட்ட தொண்டிப் பொருளை ஸ்டேஷனில் காட்டாமல் கொடுக்க முடியாது என்று தலைமைக் காவலர் சொன்னார். அவர் முறைப்படி நடந்துகொண்டார். அதைத்தான் நான் எதிர்பார்த்தேன்.

அதன்பிறகு ஊரார் எல்லோரும் கூடவே நடந்து சந்தைமேட்டுக்கு வந்தார்கள். இப்போது சந்தைக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கல் இந்த அறையின் மூலையில் சாக்கின்மேல் இருக்கிறது. காவலர்கள் பூட்ஸைக் கழற்றிவிட்டு வருகிறார்கள். யாரோ ஒரு பூவும் வைத்திருக்கிறார்கள். இந்த வாக்குமூலம் தொடங்குவதற்கு முன் சேவுகன் அம்பலம் உள்ளே வந்து, "போனது போகட்டும். ஆத்தாளக் கையில குடுங்க, வெளக்கு வைக்கிற நேரத்துக்குள்ள ஊரு போய்ச் சேந்துர்றோம். ஓவர்சியரு ஒரு கெடா வெட்டி ஆத்தா கால்ல விழட்டும், எங்களுக்கு வழக்கு வேணாம்" என்று சொன்னார். ராஜியாகப் போய்விடலாம் என்று சப் இன்ஸ்பெக்டர் அவர்களும் சொன்னார்கள். வேலை போகும், ஜெயிலும் கிடைக்கும், பெண்களை நினைத்துப் பார் என்றார்கள். நினைத்துப் பார்த்தேன்.

நான் ராஜிக்குச் சம்மதிக்கவில்லை. கல்லை இன்று கொடுத்தால் பொழுது சாய்வதற்குள் அது பழைய இடத்துக்குப் போய்விடும், முப்பது வீடும் அதன் பின்னால் போய்விடும். காலையில் நான் பார்த்த கசிவு இப்போது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வழக்கு நடக்கிற வரைக்கும் தொண்டிப் பொருள் இங்கேதான் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆகையால் வழக்கு நடக்கட்டும். மாஜிஸ்திரேட் முன்பும் இதையே சொல்வேன். கல்லைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு எடுத்தாயா என்று கேட்டார்கள். அப்படிச் சொன்னால் திருட்டு ஆகாமல் போகும் என்பதை அவர்களே இரக்கப்பட்டு எடுத்துச் சொன்னார்கள். எடுக்கும்போது திருப்பிக் கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. இப்போதும் இல்லை. தை பிறந்து, காப்புக் கட்டி, பங்காளிகள் எல்லோரும் வந்து, எந்த இடத்தில் ஊன்றுவது என்று அவர்களே பேசி முடிவெடுத்தால், அப்போது கோர்ட்டார் கொடுக்கட்டும். அதுவரை யார் கேட்டாலும் கொடுக்கக்கூடாது என்று ஆட்சேபிக்கிறேன்.

பேராண்டான் கண்மாய் உடையாமல் நின்றுவிட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டார்கள். நின்றுவிட்டால் நான் வெறும் சாமி திருடன். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கண்மாயில் மணல் மூட்டை சுமக்கிறவர்களும் மனிதர்கள்தான். கரை நிற்க வேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன்.

மேலே எழுதியதைத் தலைமைக் காவலர் எனக்குப் படித்துக் காட்டினார். ஓரிடத்தில், கல்லைத் தற்காலிகமாக எடுத்து வைத்ததாக அவர் எழுதியிருந்தார். என் நன்மைக்காக எழுதினார் என்பது தெரியும். நான் சொல்லி அதை அடித்து, திருடினேன் என்று மாற்றப்பட்டது. மற்றவை நான் சொன்னபடியே இருக்கின்றன. நான் கண்டதைக் கண்டதாகவும், ஊகித்ததை ஊகமாகவும், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்லியிருக்கிறேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கொட்டகையில் இருப்பவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திருப்பதி பூசாரி இல்லை. அம்பலத்தைக் கேட்டதில், அம்மன் இருந்த இடத்தில் பொழுதுக்கு விளக்கு வைக்காமல் வர முடியாது என்று அவர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டதாகச் சொன்னார். இப்போது ஆற்றோரத்தில், நான் கல்லைப் பிடுங்கிய வெறும் குழியின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார். உடனே ஒரு காவலரைச் சைக்கிளில் அனுப்ப வேண்டும். வெள்ளம் வருகிறது என்று சொன்னால் அவர் வரமாட்டார். பிடித்து இழுத்தாலும் வரமாட்டார். ஸ்டேஷனில் விளக்கு இல்லை, ஆத்தா இருட்டில் இருக்கிறாள் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். விளக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

(ஒப்பம்) க. அய்யாக்கண்ணு